சாம்பல் நிறப் பை

பூனைக்குச் சாப்பாடு வாங்க வருகிறவர்கள் அலமாரியைப் பார்ப்பதற்கு முன்னால் அவளைத்தான் தேடுவார்கள். "லேபிள் அக்கா இல்லையா?" என்று கேட்டுவிட்டு, அவள் பின்னால் கிடங்கில் இருக்கிறாள் என்று தெரிந்தால் மீன் தொட்டி ஓரமாகக் கைகட்டி நின்று காத்திருப்பார்கள். அந்தப் பெயரை வைத்தவள் அவளுடைய அண்ணி. கடை அண்ணனுடையது. அண்ணனுக்கு முதுகில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து அண்ணிதான் கல்லாவில் உட்காருகிறாள். விற்பனையும் கிடங்கும் இவள் பொறுப்பு. எந்தப் பையைக் கையில் கொடுத்தாலும் முதல் வேலையாகப் பின்பக்கம் திருப்பிப் பொடி எழுத்தைப் படிப்பாள் என்று கிண்டலாக வைத்த பெயர், ஆறு வருடத்தில் கடையின் முகவரியாகவே ஆகிவிட்டது.

"முன்னாடி இருக்கிற பூனையப் பாத்து வாங்காதீங்க. அத குளிப்பாட்டி, சீவி விட்டு போட்டோ எடுத்திருக்காங்க. பின்னாடி திருப்புங்க" என்பாள். பட்டியலில் முதலில் வரும் பொருள் எது என்று விரல் வைத்துக் காட்டுவாள். கோழி என்றோ மீன் என்றோ பேர் சொல்லி இருந்தால் சரி. சோளமும் கோதுமையும் முந்திக்கொண்டு வந்து, இறைச்சி எங்கோ வாலில் ஒட்டிக்கொண்டிருந்தால் பையை அங்கேயே வைத்துவிடச் சொல்வாள். வயதான பூனை என்றால் கேள்விகள் கூடும். பல் இருக்கிறதா, தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது, தூக்கினால் முன்னைவிட லேசாக இருக்கிறதா. பத்து வயது தாண்டினால் சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும், பாஸ்பரஸ் குறைவாக இருக்க வேண்டும், உலர்ந்த உணவைவிட ஈர உணவு நல்லது, லேசாகச் சூடுபடுத்தி வைத்தால் மூக்கு மங்கிய பூனைக்கும் வாசம் எட்டும். இதையெல்லாம் அவளுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. அவள் வீட்டில் மகாராணி என்று பதினாலு வயதுப் பூனை ஒன்று இருக்கிறது. அது ஒவ்வொன்றாக மறுக்க மறுக்க, இவள் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள்.

இத்தனை சொன்ன பிறகும் கை நீட்டாமல் நிற்பவர்கள் உண்டு. அவர்களைச் சாய்ப்பதற்கென்று அவளிடம் ஒரு வாக்கியம் இருந்தது. "என் வீட்டு மகாராணிக்கும் இதுதான் போடறேன்." அதைக் கேட்டதும் முகம் தெளிந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அது பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது.

மூன்று மாதத்துக்கு முன்னால் அண்ணி ஒரு புது மொத்த வியாபாரியிடமிருந்து சாம்பல் நிறப் பைகளாக ஒரு வண்டி இறக்கினாள். மூத்த பூனைகளுக்கான உலர் உணவு. லேபிள் அக்கா ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். முதல் சொல்லே சோளம்.

"அண்ணி, இது வேணாமே."

"எல்லாரும் உன் மகாராணி மாதிரி வளர்க்க முடியுமா? ஏழைப் பூனையும் சாப்பிட வேணாமா?" என்றாள் அண்ணி.

பைகள் கிடங்கு வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தன. யாரும் தொடவில்லை. அண்ணி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பெருமூச்சு விட்டாள். அப்படி ஒரு பெருமூச்சுக்குப் பிறகுதான் ஒரு மத்தியானம் அறிவிப்பாளர் அம்மா வந்தார்.

ரயில் நிலையத்தில் முப்பது வருடம் ஒலிபெருக்கியில் பேசி ஓய்வுபெற்றவர். வண்டி தாமதம் என்பதைக்கூட யாருக்கும் கோபம் வராத மாதிரி சொல்லத் தெரிந்த குரல். நாலாவது நடைமேடையில் ஓர் அட்டைப் பெட்டிக்குள் கிடைத்த குட்டியை அவர் வீட்டுக்கு எடுத்துப்போய் பதினாறு வருடம் ஆகிறது. அதற்கு மாஸ்டர் என்று பெயர். தனியாக இருக்கும் அவருக்கு மாஸ்டர்தான் பேச்சுத் துணை. வழக்கமாக வாங்கும் டின் உணவு அன்றைக்கு வரவில்லை. அவர் சாம்பல் பையைக் காட்டி, "இது எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கும்மா. மகாராணிக்கும் இதுதான்" என்றாள். முதல் தடவை சொல்லும்போதுதான் தொண்டையில் ஏதோ தட்டியது. அடுத்த ஆளிடம் சொல்லும்போது அதுவும் இல்லை. இரண்டு வாரத்தில் ஒன்பது வீட்டுக்கு ஒன்பது பைகள் போயின.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கடையில் தொலைபேசி அடித்தது.

"லேபிளாம்மா? உன் மகாராணி நல்லா இருக்கா?"

அறிவிப்பாளர் அம்மாவின் குரல்தான். ஆனால் அதன் விளிம்பு பிசிறடித்தது.

"நல்லா இருக்கும்மா. ஏன்?"

"அப்பாடா. ஆனாலும் அந்தப் பைய நிறுத்திரு. மாஸ்டர் மூணு நாளா வாந்தி. நேத்துலருந்து தண்ணிகூடத் தொடல. பைதான் காரணமான்னு எனக்குத் தெரியல, ஆனா நீயும் அதையேதான போடற, மொதல்ல உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு. டாக்டர்கிட்ட போகணும். வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி போய்ப் படுத்துக்கிட்டான். எனக்கு முட்டி மடங்கல. பக்கத்து வீட்ல யாரும் இல்ல. பாக்கறேன், எப்படியாவது..."

"நான் வரேம்மா" என்று சொல்லிவிட்டு வைத்தாள். காது சுட்டது.

நேராகக் கிடங்குக்குப் போய் ஒரு சாம்பல் பையை இழுத்துப் போட்டு வாயைக் கத்தரித்தாள். முகத்தில் அடித்த நாற்றம் அவளுக்குத் தெரிந்ததுதான், பல தடவை சுட்ட எண்ணெயை மூடி வைத்துத் திறந்த மாதிரி. உள்ளே கைவிட்டு அள்ளினாள். உருண்டைகள் சிலதில் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்திருந்தது. பையின் அடிப்பக்கம் திருப்பி, தேதி அச்சடித்த இடத்தைத் தடவினாள். விரல் ஓர் ஓரத்தில் தடுக்கியது. நகத்தால் நெம்பினாள். வெள்ளை ஸ்டிக்கர் முழுசாக உரிந்து வந்தது. அடியில் இருந்த தேதி முடிந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

ஆறு வருடமாகப் பொடி எழுத்தைப் படித்தவள் இந்த ஒரு வரியைத் தடவிப் பார்க்கவில்லை. முதல் வரியிலேயே பிடிக்காமல் போனதால் கடைசி வரி வரைக்கும் அவள் போகவேயில்லை.

"என்ன பண்ற?" அண்ணி வாசலில் நின்றாள்.

விரலில் ஒட்டிய ஸ்டிக்கரைக் காட்டினாள். அண்ணி அதைப் பார்த்தாள். திடுக்கிட்ட மாதிரி தெரியவில்லை.

"தேதி நெருங்கின சரக்குன்னுதான் சொன்னான். ஸ்டிக்கர் பத்தி நான் கேக்கல."

"பாத்தீங்களா அண்ணி?"

"கேக்கலன்னு சொன்னேன்ல."

அவள் மாஸ்டரைப் பற்றிச் சொன்னாள். எல்லாருக்கும் இப்போதே போன் செய்ய வேண்டும் என்றாள்.

"யாருக்கும் பண்ணாத. மொதல்ல நான் அவன்கிட்ட பேசறேன்" என்றாள் அண்ணி. குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள், கத்தியிருந்தால் தேவலாம். "பதினாறு வயசுப் பூனை வாந்தி எடுக்க ஆயிரம் காரணம் இருக்கும். நீயா போய், நாங்க கெட்டுப்போனத வித்தோம்னு தண்டோரா போட்டா நாளைக்கு இந்த ஷட்டரத் தூக்க வேண்டிய அவசியமே இருக்காது. உங்க அண்ணன் அங்க கட்டில்ல கெடக்காரு. அது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு அண்ணி."

"அப்புறம் என்ன?"

அவள் அறுத்த பையிலிருந்து ஒரு பிடி உருண்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டாள். கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கிய டெலிவரி நோட்டையும் எடுத்துக் கைப்பையில் திணித்தாள். வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்கள் அதில்தான் இருந்தன. அண்ணி, "அத எங்க எடுத்துட்டுப் போற?" என்று கேட்டது முதுகில் வந்து விழுந்தது. கண்ணாடிக் கதவு தானாக மூடிக்கொண்டது.

அறிவிப்பாளர் அம்மாவின் வீடு மூன்றாவது மாடி. மின்தூக்கியில் பழுது பார்க்கிறோம் என்று அட்டை தொங்கியது. மூச்சு வாங்க மேலே ஏறினாள். கதவு திறந்தே இருந்தது. அம்மா குளியலறைக்கு வெளியே தரையில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டாங்க பாரு, உன் லேபிள் அக்கா. வாடா ராஜா."

சமையலறைப் பக்கம் மூன்று கிண்ணங்கள் இருந்தன. ஒன்றில் உருண்டைகள், ஒன்றில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்த உருண்டைகள், இன்னொன்றில் அதையே நசுக்கிக் கூழாக்கி வைத்தது. எப்படியாவது சாப்பிட வைக்க அவர் பட்ட பாடு அது. அவளுக்கு அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை.

மெஷினை இழுத்தால் பின்னால் குழாய் பிடுங்கிக்கொள்ளும். அவள் குப்புறப் படுத்துத் தோள் வரைக்கும் கையை நுழைத்தாள். விரலில் எலும்பு தட்டியது. ரோமத்துக்கு அடியில் நேராக எலும்பு. மாஸ்டர் உறுமியது, பிறாண்டக்கூட அதற்குத் தெம்பு இல்லை. பின்கழுத்துத் தோலைப் பிடித்து மெதுவாக இழுத்தபோது அந்தத் தோல் திரும்பப் படியாமல் கூடாரம் மாதிரி தூக்கியபடியே நின்றது. உடம்பில் தண்ணீர் வற்றினால் அப்படித்தான் நிற்கும் என்று அவள் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள்.

துண்டில் சுற்றிக் கூடையில் வைத்தாள். ஒரு கையில் கூடை, இன்னொரு கையில் அம்மாவின் முழங்கை. மூன்று மாடியும் ஒவ்வொரு படியாக இறங்க இருபது நிமிடம் ஆனது. டாக்ஸியில் ஏறி உட்கார்ந்ததும் அம்மா கூடையை மடியில் வைத்துக்கொண்டு அதன் கம்பிக்குள் ஒரு விரலை நுழைத்தார்.

"உன் மகாராணி காலைல சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டுச்சும்மா."

"பூராவுமா?"

"பூராவும்."

"நல்ல வேளை. ஆனாலும் இன்னைக்கு ராத்திரி பக்கத்துலயே இரு. இவனுக்கும் மொத நாள் ஒண்ணும் தெரியல."

சிக்னலில் வண்டி நின்றது. உரித்த ஸ்டிக்கர் கைப்பைக்குள் நோட்டின் அட்டையில் ஒட்டியிருந்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மருத்துவமனை போய்ச் சேர்ந்ததும் சொல்லலாம் என்று அடுத்த நொடியே நினைத்தாள். பச்சை விழுந்தது. வண்டி கிளம்பியது.

கால்நடை மருத்துவர் நாற்பது வயதுப் பெண்மணி, வார்த்தைகளை எண்ணிப் பேசுகிறவர். மாஸ்டரின் ஈறைப் பார்த்தார், எடை போட்டார், ரத்தம் எடுத்தார், எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்தார். மேசைமேல் படுத்திருந்த பூனையின் வயிற்றை இரண்டு கையாலும் தடவி ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இங்க கெட்டியா ஒண்ணு தட்டுப்படுது. உடம்புல தண்ணி வத்தி, மலம் கல்லா ஆகியிருக்கலாம். கட்டியாவும் இருக்கலாம். எக்ஸ்ரேல தெளிவா பிரிஞ்சு தெரியல. சாப்பாடு ஏதாவது மாத்தினீங்களா?"

"ரெண்டு வாரமா புதுப் பை டாக்டர்" என்றார் அம்மா. "ஆனா அதுல குத்தம் இருக்கும்னு தோணல. இவங்கதான் கடைல இருக்காங்க. இவங்க பூனைக்கும் அதேதான். அது நல்லா இருக்கு."

மருத்துவர் அவள் பக்கம் திரும்பினார். "அதுக்கு என்ன வயசு?"

"பதினாலு."

"அதே சாப்பாடா?"

அவள் தலை எப்படியோ அசைந்தது. ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

"அப்ப சாப்பாட்ட விட்டுரலாம்" என்றார் மருத்துவர். "இது கட்டியா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இன்னைக்கே மயக்கம் கொடுத்து வயித்தத் திறந்து பாக்கறதுதான் வழி. ஆனா கிட்னி ஏற்கெனவே பலவீனமா இருக்கு. இந்த வயசுல மயக்கத்துலருந்து எழுந்திருக்கும்னு நான் உறுதி சொல்ல முடியாது. சாப்பாடு சரியில்லன்னு தெரிஞ்சா ஒரு நாள் டிரிப் போட்டுக் காத்திருந்து பாப்பேன். கட்டின்னா காத்திருக்க நேரம் இல்ல. நீங்க சம்மதம்னா இதுல கையெழுத்து போடுங்க."

உதவியாளர் ஒரு தாளையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்தார். உள்ளே ஏதோ உலோகத் தட்டு வைக்கப்படும் சத்தம் கேட்டது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை முழுவதும் படித்தார். அவருடைய இடது கை மாஸ்டரின் நெற்றிமேல் இருந்தது. வலது கை பேனாவை எடுத்தது.

"போடாதீங்கம்மா" என்றாள் லேபிள் அக்கா.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். கைப்பையைத் திறந்து நோட்டையும் உறையையும் மேசைமேல் வைத்தாள்.

"என் பூனைக்கு இத நான் போட்டதே இல்ல. ஒரு நாள்கூட இல்ல. விக்கறதுக்காகச் சொன்னேன்." மருத்துவரைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. "பை தேதி முடிஞ்சு பதினாலு மாசம் ஆச்சு. மேல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. இப்ப காலைலதான் உரிச்சுப் பாத்தேன். இதுதான் உள்ள இருந்தது. பூசணம் பிடிச்சிருக்கு."

மருத்துவர் உறையைப் பிரித்து முகர்ந்தார். முகம் சுருங்கியது. ஸ்டிக்கரை விளக்கில் காட்டிப் பார்த்தார். பிறகு உதவியாளரிடம், "ஆபரேஷன் தியேட்டர் வேணாம். டிரிப் ரெடி பண்ணுங்க. எனிமாவும்" என்றார். இவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வேற யாருக்கெல்லாம் போயிருக்கு?"

"இன்னும் எட்டு வீடு."

"இங்க என்ன நின்னுக்கிட்டிருக்கீங்க?"

அறிவிப்பாளர் அம்மா பேனாவை மூடித் தாளின்மேல் நேராக வைத்தார். கோபத்தில் ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி அதன் கூட்டில் போட்டார். எத்தனையோ வண்டிகளை வழியனுப்பிய அந்தத் தெளிவான குரலில், "நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்" என்றார்.

அதுவரைக்கும் ஒரு நாளும் அவர் அவளை 'நீங்க' என்று சொன்னதில்லை.

மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்து நோட்டைத் தொடைமேல் விரித்தாள். முதல் எண்ணை அழுத்தும்போது விரல் தப்பு எண்ணில் போய் இரண்டு தடவை விழுந்தது. ஒவ்வொருவரிடமும் ஒரே மாதிரிதான் சொன்னாள். "நான் லேபிள் பேசறேன். அந்தச் சாம்பல் பை தேதி முடிஞ்சது. போடாதீங்க, தூக்கிப் போட்டுருங்க. பூனை சாப்பிடலன்னாலோ வாந்தி எடுத்தாலோ இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க. இன்னொண்ணு. என் பூனைக்கும் அதத்தான் போடறேன்னு உங்ககிட்ட சொன்னேன். அது பொய்."

கடைசி வார்த்தையைச் சொல்லாமலும் விட்டிருக்கலாம். பூனைகளுக்கு அதனால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் தொண்டையில் தட்டும் என்று தெரிந்தது.

பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் பத்து நிமிடம் திட்டினார். அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டாள். முடிதிருத்தும் கடைக்காரர், "எங்க பூனை மோந்து பாத்துட்டு மண்ணள்ளி மூடற மாதிரி காலால பறிச்சுதுங்க. அப்பவே தெரியும். பக்கத்து வீட்டு நாய் நல்லா சாப்பிடுது" என்று சிரித்தார். நாய்க்கும் வேண்டாம் என்று சொன்னாள். ஒரு கர்ப்பிணிப் பெண் பயந்து அழுதுவிட்டாள். பையை இன்னும் பிரிக்கவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

ஏழாவது எண் ஒரு வெல்டருடையது. வேலை செய்யும் இடத்துச் சத்தத்துக்கு நடுவில், "யாரு?" என்று இரண்டு தடவை கேட்டார். விஷயத்தைச் சொன்னாள்.

"போன சனிக்கிழம செத்துப்போச்சுங்க" என்றார்.

அவள் நோட்டில் அந்த எண்ணின்மேல் விரலை அழுத்திக்கொண்டாள்.

"பத்தொம்பது வயசு. எப்ப வேணா போகும்னு தெரியும்" என்றார் அவர். பின்னால் ஏதோ இயந்திரம் நின்றது. "அதனாலதானா, வயசுனாலயா?"

"தெரியலங்க. எனக்கு உண்மையாவே தெரியல."

"சரி" என்றார். சற்றுப் பொறுத்து, "போன் பண்ணாம இருந்திருந்தா வயசுன்னே நெனச்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

எட்டாவது எண்ணை அழுத்துவதற்கு அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. ஆனால் அழுத்தினாள்.

மறுநாள் காலை கடைக்குப் போனபோது சாம்பல் பைகள் கிடங்கில் இல்லை. கடை வாசலுக்குப் பக்கத்தில் அழகாக அடுக்கிக் கயிறு கட்டி வைக்கப்பட்டிருந்தன. அண்ணி அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"சந்தோஷமா? காலைலருந்து நாலு போன். ஒருத்தி போலீசுக்குப் போவேங்கறா." கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்தாள். "வண்டி வருது. திருப்பி எடுத்துக்கறேன்னு சொல்லிட்டான்."

"எடுத்துட்டுப் போய் என்ன பண்ணுவான் அண்ணி?"

"அது அவன் பாடு."

"வேற ஊர்ல, வேற கடைல இறக்குவான். அங்கயும் ஒருத்தி நின்னு, என் பூனைக்கும் இதுதான்னு சொல்லுவா."

அட்டைப் பெட்டி அறுக்கும் கத்தி மேசைமேல் கிடந்தது. அவள் அதை எடுத்தாள். முதல் பையைக் குறுக்காகக் கிழித்தாள். உருண்டைகள் தரையில் கொட்டிக் கல்லா வரைக்கும் ஓடின. இரண்டாவது பை. மூன்றாவது. அந்த நாற்றம் கடை முழுக்கப் பரவியது. அண்ணி ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். கத்தி இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது.

"வெட்டினத அவன் திரும்ப எடுக்க மாட்டான். தெரியும்ல?"

"தெரியும்."

"அண்ணன்கிட்ட யார் சொல்றது?"

"நான் சொல்றேன். என் பொய்யையும் சேத்து."

அண்ணியின் பிடி இறுகித்தான் இருந்தது. கத்தியை அவள் விடவும் இல்லை, அண்ணி கையை எடுக்கவும் இல்லை. அப்போது வெளியே யாரோ கண்ணாடிக் கதவைத் தட்டினார்கள். வாடிக்கையாளர் ஒருவர், தன் பையைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் அண்ணியின் தோள் தொய்ந்தது. மணிக்கட்டை விட்டுவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள். பையை வாங்கிக்கொண்டு, "தப்பு எங்க மேலதாங்க" என்று அவரிடம் சொன்னது இவளுக்குக் கேட்டது. அந்த வார்த்தையை அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள். சொன்னாள் என்பதே பெரிது. மிச்சப் பைகளையும் இவள் கிழித்து முடிக்கும்வரை யாரும் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு இருவரும் வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை. கடைக்குக் கூட்டம் பாதியானது. அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் இரண்டு பேரோடும் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

மாஸ்டரைப் பற்றி அவளுக்கு மருத்துவமனை உதவியாளர்தான் அவ்வப்போது சொன்னார். முதல் நாள் மாற்றம் இல்லை. இரண்டாம் நாள் சாயங்காலம், வயிற்றில் தட்டுப்பட்டது கட்டி இல்லை, கல்லாகிப்போன மலம்தான் என்று தானாகவே நிரூபணமானது. "இந்த ஆஸ்பத்திரில இதுக்கெல்லாம் கைதட்டினது இதுதான் மொதல் தடவ" என்றார் உதவியாளர். மூன்றாம் நாள், வேகவைத்த கோழியின் தண்ணீரை விரலில் தொட்டு வைத்தபோது நக்கியதாம். ஆனால் சிறுநீரகம் முன்பைவிட மோசம். இனி இருக்கும் காலம் வரைக்கும் இரண்டு நாளைக்கு ஒரு முறை தோலுக்கடியில் சலைன் ஏற்ற வேண்டும்.

பத்து நாள் கழித்து அறிவிப்பாளர் அம்மா கூப்பிட்டார்.

"உங்களுக்கு ஊசி பிடிக்கத் தெரியுமா?"

"கத்துக்கறேம்மா."

"என் கை நடுங்குது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போற ஒவ்வொரு தடவையும் அவன் வண்டில வாந்தி எடுக்கறான். வீட்லயே போட ஆள் வேணும்." ஒரு நொடி நிறுத்தினார். "மன்னிச்சுட்டேன்னு நெனச்சிட்டு வராதீங்க. வேலைக்கு ஆள் வேணும், அவ்வளவுதான்."

உதவியாளரிடம் இரண்டு நாள் நின்று கற்றுக்கொண்டு அவள் போனாள். மின்தூக்கி சரியாகியிருந்தது. அம்மா கதவைத் திறந்துவிட்டு முன்னால் நடந்தார். சமையலறை மேடையில் வெதுவெதுப்பான தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் சலைன் பை மிதந்தது; பக்கத்தில் நாலு வகை ஈர உணவு டின்கள்.

"டாக்டர் எழுதிக் கொடுத்தது இதுல ரெண்டு. மத்த ரெண்டும் நானா வாங்கினது. எது ஆகும்?" என்று கேட்டார்.

அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தாள். தேதி அச்சடித்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "இந்த ரெண்டு ஆகும். இதுல உப்பு அதிகம். இன்னொண்ணுல பாஸ்பரஸ் எவ்வளவுன்னு போடவே இல்ல. ஆகுமா ஆகாதான்னு எனக்குத் தெரியல. டாக்டரக் கேட்டுட்டுப் போடுங்க."

அம்மா மற்ற இரண்டையும் எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, ஆகும் என்றதில் ஒன்றைத் திறந்தார்.

மாஸ்டர் மேடைக்குப் பக்கத்து ஜன்னலோரத் துண்டில் படுத்திருந்தது. அவளைப் பார்த்ததும் காதைப் பின்னுக்கு மடக்கியது. அம்மா பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். அவள் பிடரியில் தோலை மூன்று விரலால் தூக்கினாள். முதல் தடவை ஊசி தோலின் மறுபக்கமே வெளியே வந்து, தண்ணீர் ரோமத்தில் வழிந்தது. "மெதுவா" என்றார் அம்மா. இரண்டாவது தடவை உள்ளே இறங்கி நின்றது. குழாயில் சொட்டுகள் விழத் தொடங்கின.

"எவ்வளவு நேரம்?"

"எட்டு நிமிஷம்மா."

"சரி. அசையாதீங்க."

அவள் அசையவில்லை. தோலுக்கடியில் தண்ணீர் சேர்ந்து சேர்ந்து ஒரு சின்ன மேடாக வீங்குவதை விரல் உணர்ந்தது. தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். ஆறாவது நிமிடம் மாஸ்டர் தலையைத் தூக்கி, மேடையில் திறந்திருந்த டின் பக்கமாக மூக்கை நீட்டியது. அம்மா ஒரு கையால் பையைப் பிடித்தபடியே, மறு கையால் கரண்டியில் கொஞ்சம் எடுத்து அதன் முன்னால் வைத்தார். மாஸ்டர் ஒரு தடவை நக்கியது. யோசித்தது. இன்னொரு தடவை நக்கியது.